செல்லப்பிராணிக்கு ஒரு வரி இருந்தது, சீட்டுக்கு இல்லை

2021 தை, பொங்கல் முடிந்த கிழமை. சம்பளம் வந்து பதினோராம் நாள் வங்கிக் கணக்கில் 6,200 ரூபாதான் மிச்சம். "காசு எங்க போனது?" என்று நான் என் கணவரைக் கேட்டேன். அதே கேள்வியை அவர் என்னைக் கேட்டார். இரண்டு பேருக்கும் மறுமொழி தெரியாது. தெரியாதபடியால் சத்தம் கூடியது. கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுச் சுவர்கள் மெல்லிசானவை. அடுத்த நாள் காலையில் பக்கத்து வீட்டு அன்ரி என்னைப் பார்த்துக் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்.

அன்றிரவு பிள்ளைகள் படுத்த பிறகு மடிக்கணினியைத் திறந்தேன். கோட்டையில் ஒரு சரக்குக் கப்பல் முகவர் நிறுவனத்தில் ஆவண வேலை செய்கிறேன். நாள் முழுக்க எக்செல்தான். ஊரான் கொள்கலன் எத்தனை நாள் துறைமுகத்தில் நின்றது, அதற்குத் தாமதக் கட்டணம் எவ்வளவு என்று சதம் பிசகாமல் சொல்லுவேன். என் வீட்டுக் கணக்கு எனக்குத் தெரியாது.

கூகிள் ஷீட்ஸில் ஆயத்தமாக வைத்திருக்கும் மாத வரவுசெலவு டெம்பிளேட்டைத்தான் முதலில் எடுத்தேன். இலவசம், போனிலும் திறக்கும். அதில் இரண்டு பக்கங்கள். ஒன்றில் ஒவ்வொரு செலவையும் திகதி, தொகை, விவரம், வகை என்று எழுத வேண்டும். மற்றதில் அந்த வகைகள் தானாகவே கூட்டப்பட்டு, 'திட்டமிட்டது', 'நடந்தது', 'வித்தியாசம்' என்று மூன்று நிரல்களில் வந்து நிற்கும்.

அதைப் பார்த்தவுடன் அப்பாவின் ஞாபகம் வந்தது. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயம், செத்தல் மிளகாய் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் 31 வருடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவரிடமும் இரண்டு புத்தகங்கள்தான். நாளேட்டில் நடந்தது நடந்த வரிசையில் இருக்கும். பின்னேரம் கடை பூட்டிய பிறகு அதிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்கு ஏற்றுவார். புறக்கோட்டை வெயிலில் வியர்த்துக்கொண்டு அவர் செய்த வேலையை இந்தக் கட்டங்கள் கண்மூடி முழிக்க முன் செய்து முடித்தன. பரவசப்பட்டுப்போனேன். பரவசம் 19 நாள் நீடித்தது.

20 ஆம் நாள் எழுதுவதை விட்டுவிட்டேன். சோம்பல் ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம், அந்தத் தாள் வேறு யாருடையதோ வாழ்க்கைக்கு வெட்டித் தைத்த சட்டை. தொகைகள் டொலரில் நின்றன. 'செல்லப்பிராணிகள்' என்று ஒரு வரி. எங்கள் வீட்டில் செல்லப்பிராணி என்றால் பக்கத்து வீட்டுப் பூனை மீன் வாசத்துக்கு வந்து போவதுதான். ஆனால் மாதாமாதம் கட்டும் சீட்டுக்கு வரி இல்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் மாமிக்கு அனுப்பும் 15,000 க்கு வரி இல்லை. நகையை அடைவு வைத்த வட்டிக்கு இல்லை. ஸ்கூல் வானுக்கு, ரியூசனுக்கு, கோயில் அர்ச்சனைக்கு, செத்த வீட்டுக்குப் போய்வர ஓட்டோவுக்கு இல்லை. எல்லாவற்றையும் 'இதர' என்பதற்குள் தள்ளினேன். மாதக் கடைசியில் 'இதர' 38,000 ரூபா. காசு எங்கே போனது என்ற கேள்விக்குக் கணினி தந்த மறுமொழி: இதர. அதை எங்கள் சண்டையிலேயே நாங்கள் சொல்லியிருப்போம்.

இரண்டாம் முறை எதிர்ப்பக்கம் ஓடினேன். 42 வகைகள் வைத்தேன். பாலுக்கு ஒன்று, முட்டைக்கு ஒன்று, பாணுக்கு ஒன்று. சூப்பர் மார்க்கெட் ரசீதை மேசையில் விரித்து வைத்து 17 வரியாகப் பிரித்து எழுதிக்கொண்டிருந்தபோது மகன் வந்து, "அம்மா, இது ஹோம்வேர்க்கா?" என்றான். அந்தத் தாள் ஒன்பது நாளில் செத்தது.

இப்போது 14 வகைகள். அந்த எண்ணுக்கு மந்திரம் ஒன்றும் இல்லை. போன் திரையில் விரலால் தள்ளாமல் ஒரேயடியாகத் தெரிவது அவ்வளவுதான். சோப்பும் பருப்பும் ஒரே ரசீதில் வந்தால் இரண்டும் 'கடைச்சாமான்'. பிரித்துத் தெரிந்து நான் ஒன்றும் செய்யப்போவதில்லை என்றால் பிரிப்பதில்லை. 'இதர' என்ற வரியை விட்டுவைத்திருக்கிறேன். ஆனால் அது மாதச் செலவில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால் உள்ளே போய்ப் பார்ப்பேன். உள்ளே எப்போதும் ஒரு புது வகை ஒளிந்திருக்கும்.

இடையில் ஒபிஸில் ஒரு அண்ணா தன்னுடைய எக்செல் கோப்பை அனுப்பினார். "தங்கச்சி, நான் பத்து வருசமா இதிலதான் எழுதுறன், அப்பிடியே எடுங்கோ" என்றார். போனில் திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார். அது இருக்கும் கணினியில் மட்டும் தமிழாகத் தெரியும். யுனிகோடில் அடிக்காத தமிழ்ப் பெயர்களைத் தேடவோ வகைவாரியாக வடிகட்டவோ எந்தக் கருவியிலும் சுகமில்லை. இலங்கையில் பழைய கோப்புகளை வாங்குகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள். நல்ல மனிதர், நல்ல கோப்பு, ஆனால் எனக்கு உதவவில்லை.

மூன்றாம் முறை எழுதிக்கொண்டு போகையில் ஒரு புதினம் நடந்தது. ஆடி மாதம் 3 ஆம் திகதி கட்டிய ரியூசன் காசு பங்குனி மாதக் கணக்கில் போய் உட்கார்ந்திருந்தது. டெம்பிளேட் அமெரிக்க முறையில் இருந்திருக்கிறது. நாங்கள் 03/07 என்று எழுதினால் அது மாதத்தை முதலில் படித்து மார்ச் 7 என்று விளங்கிக்கொள்ளும். 12 க்கு மேற்பட்ட நாளாக இருந்தால், உதாரணத்துக்கு 18/07, அப்படியொரு மாதம் இல்லையே என்று அதைத் திகதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆக மாதத்தின் முதல் 12 நாட்கள் அநேகமாகத் தப்பான மாதத்துக்கும், மிச்ச நாட்கள் எந்த மாதத்துக்கும் சேராமலும் போயின. கண்டுபிடிக்க ஒரு சின்ன அடையாளம் உண்டு. உண்மையான திகதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாகிப்போனது இடப்பக்கம் ஒட்டும். தொகைக்கும் இதே கதைதான். '1,500 ரூபா' என்று கட்டத்துக்குள் எழுதினால் அது எண் இல்லை, கூட்டலில் சேராது. வெறும் 1500 என்று எழுதி, ரூபாக் குறியைக் கட்டத்தின் வடிவமைப்பில் போட வேண்டும். கூகிள் ஷீட்ஸில் ஃபைல், செட்டிங்ஸ் போய், லொக்கேல் என்ற இடத்தில் பிரித்தானியாவைத் தெரிவுசெய்தால் நாள் முதலில், மாதம் பிறகு என்று சரியாகும். புதுத் தாள் எடுத்தால் ஒரு செலவுகூட எழுத முன் நான் செய்யும் முதல் வேலை இது.

வகைப் பெயர்களைக் கையால் அடிக்காதீர்கள் என்பதும் அப்போது பட்டுத் தெளிந்ததுதான். நான் ஒரு நாள் 'ஓட்டோ' என்று எழுத, இன்னொரு நாள் 'ஆட்டோ' என்று எழுத, நித்திரைத் தூக்கத்தில் 'ஓடோ' என்று எழுத, வகைவாரியாகக் கூட்டும் சம்இஃப் சூத்திரம் மூன்றையும் மூன்று சாதியாகப் பார்த்தது. கட்டத்தில் கீழ்விரி பட்டியல் ஒன்றைப் போட்டுவிட்டால் அதிலிருந்து ஒன்றைத் தெரிவுசெய்வதைத் தவிர வேறு வழியில்லை. பத்து நிமிட வேலை, எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் புத்தி வந்தது.

ஆனால் இதுவரை சொன்னதெல்லாம் நான் தனியே எழுதிய கதை. இவர் தாளைத் திறக்கவே மாட்டார். "நீர் என்ன, ஓடிட்டரோ?" என்று ஒரு நாள் கேட்டார். நான் கேட்டுக் கேட்டு எழுதுவதும் விசாரணை மாதிரித்தான் இருந்தது. பிறகு கூகிள் ஃபோர்ம் ஒன்று செய்தேன். அதில் மூன்றே கேள்விகள். எவ்வளவு, எதுக்கு, ஆர்? அதை அவருடைய போனின் முகப்பில் ஒரு படமாக ஒட்டிவிட்டேன். அவர் வேலை முடிந்து காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் வரும்போது அன்றைய செலவைத் தட்டிவிடுவார். அது தானாகவே தாளில் வந்து புது வரியாகச் சேரும். தாளைத் திறக்கச் சொன்னால் வராத மனிதர், ஃபோர்மை மட்டும் மூன்றரை வருடமாக அநேகமாக ஒவ்வொரு நாளும் நிரப்புகிறார். ஒரு எச்சரிக்கை: ஃபோர்ம் வந்து விழும் பக்கத்தில் சூத்திரம் எழுதாதீர்கள். ஒவ்வொரு பதிலும் புது வரியாக நுழைவதால் பக்கத்திலுள்ள சூத்திரங்கள் அந்த வரிக்கு இறங்காது. அந்தப் பக்கத்தை நாளேடாக மட்டும் விட்டு, கூட்டலை வேறொரு பக்கத்தில், முழு நிரலையும் சுட்டிக்காட்டிச் செய்ய வேண்டும். அப்பாவின் இரண்டு புத்தக முறைக்கே திரும்பவும் வந்து நிற்கிறோம்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு செலவு நம்ப முடியாத அளவுக்குப் பெருத்துக் காட்டியது. ஒரு மாதம் வரவைவிட 41,000 கூட. அப்படியானால் நாங்கள் கடனில் இருக்க வேண்டுமே? இல்லை. கிரெடிட் கார்டில் சாமான் வாங்கும்போது ஒருமுறை எழுதியிருக்கிறேன், மாதக் கடைசியில் கார்ட் பில்லைக் கட்டியபோது இன்னொரு முறையும் எழுதியிருக்கிறேன். ஏரிஎம்மில் எடுத்த 10,000 ஐ ஒரு செலவாகவும், அந்தக் காசில் வாங்கிய மரக்கறியை வேறு செலவாகவும். காசு ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போவது செலவில்லை. அதற்கு 'இடமாற்றம்' என்று ஒரு வகை வைத்து அதைக் கூட்டலில் சேர்க்காமல் விட்டேன். அதோடு தாளும் வங்கி மீதியும் ஒன்றோடொன்று கதைக்கத் தொடங்கின.

இடமாற்றம் என்ற இந்தச் சின்ன விஷயம் விளங்கிய பிறகுதான் சீட்டுக்கு வந்தேன். கொழும்புத் தமிழ் வீடுகளில் சீட்டு இல்லாத வீடு குறைவு. ஒபிஸில் சீட்டு, பிளட்ஸில் சீட்டு, ரியூசன் வாசலில் காத்து நிற்கும் தாய்மாரிடையே சீட்டு. எங்களுடையது 20 பேர், ஆளுக்கு மாதம் 10,000, குலுக்கல் முறை. மாதம் ஒருவருக்கு 200,000. கழிவு கிடையாது, வட்டி கிடையாது. நடத்துகிற அக்காவின் வாய்ச்சொல்தான் பத்திரம்.

இதை எந்த வரியில் எழுதுவது? முதலில் செலவு என்று எழுதினேன். எங்கள் செலவு மாதம் 10,000 ஆல் வீங்கியது. பிறகு சேமிப்பு என்று எழுதினேன். நெஞ்சு குளிர்ந்தது. ஏழாவது குலுக்கலில் எங்கள் பெயர் விழுந்தது. 2023 செப்டெம்பர். 200,000 ரூபாவையும் வரவு என்று எழுதினேன். தாள் பச்சைப் பசேலென்று சிரித்தது. அந்த மாதம் நாங்கள் பணக்காரர்.

அப்பாவிடம் சொன்னேன். "பிள்ளை, நீ ஏழு மாசம் கட்டினது எழுபது. கையில வந்தது இருநூறு. மிச்சம் நூற்றிமுப்பது ஆற்ர காசு?" என்றார்.

அவ்வளவுதான். சீட்டு விழும் வரை நாம் கட்டுவது மற்றவர்கள் நமக்குத் தர வேண்டிய காசு. விழுந்த நாளிலிருந்து நாம் கட்டுவது கடன். ஒரே 10,000, ஒரே அக்கா, ஒரே திகதி, ஆனால் நடுவில் ஒரு நாளில் கணக்கின் குறி மாறுகிறது. எந்த டெம்பிளேட்டிலும் இப்படியொரு வரியை நான் காணவில்லை. சீட்டுக்குத் தனிப்பக்கம் போட்டேன். ஒரு நிரலில் கட்டியது, அடுத்ததில் எடுத்தது, மூன்றாவதில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். வித்தியாசம் எங்கள் பக்கம் இருந்தால் கறுப்பு, நாங்கள் கொடுக்க வேண்டியிருந்தால் சிவப்பு. செப்டெம்பர் முடிவில் 130,000 சிவப்பு. இருபதாவது மாதம் சுழியம். மாதச் சுருக்கத்தில் சீட்டு வரவும் இல்லை, செலவும் இல்லை, இடமாற்றம். கட்ட வேண்டிய காசு கையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வேன்.

அந்த 200,000 ஐ என்ன செய்தோம் என்பதையும் தாள்தான் தீர்மானித்தது. 2022 இல், பொருளாதார நெருக்கடியில் எல்லோரும் அடைவு கடை வாசலில் நின்ற அந்தக் காலத்தில், என்னுடைய ஒரு சங்கிலியையும் இரண்டு காப்பையும் 180,000 க்கு வைத்திருந்தோம். மாத வட்டி 2 வீதம். அதாவது 3,600. மாதப் பக்கத்தில் 3,600 ஒரு சின்ன எண். ரியூசனை விடக் குறைவு, மின்சாரத்தை விடக் குறைவு, கண் அதில் நிற்கவே இல்லை. வருடப் பக்கம் ஒன்று செய்து எல்லா வகைகளையும் மாதங்களுக்குக் குறுக்கே கூட்டியபோதுதான் கண்ணில் குத்தியது. 14 மாதத்தில் 50,400. வாங்கிய முதல் தொகையில் ஒரு சதம் குறையவில்லை. நகை அங்கேயே இருக்கிறது, நாங்கள் அதற்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இவருக்கு அந்தக் காசில் பழைய மோட்டார் சைக்கிளை மாற்றும் எண்ணம் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, நாளைக்குப் போய் எடுப்பம்" என்றார். வட்டியுள்ள கடனை வட்டியில்லாத கடனால் அடைத்தோம். சங்கிலி வீட்டுக்கு வந்தது. மோட்டார் சைக்கிள் இன்னும் அதேதான்.

2022 ஐப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை இல்லை. 2021 தையில் நான் 'திட்டமிட்டது' நிரலில் எழுதிய எண்கள் ஒரு வருடத்தில் பகிடியாகிப்போயின. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2021 ஒக்டோபர் வரைக்கும் 1,493 ரூபா. அந்த வருடம் முடியும்போது 2,675. 2022 ஏப்ரல் கடைசியில் 4,860. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது, அடுத்த வருடம் பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம். ஒவ்வொரு மாதமும் தாளின் வித்தியாச நிரல் சிவப்பாகவே இருந்தது. சிவப்பைப் பார்த்தால் ஆர் பிழை விட்டது என்றுதான் மனம் தேடும். இவர் நான் சமையலில் கவனமில்லை என்று நினைத்தார். நான் அவர் கடையில் விலை கேட்காமல் வாங்குகிறார் என்று நினைத்தேன்.

நல்லகாலத்துக்கு நான் சிலிண்டர் மாற்றும் திகதியை எழுதி வந்திருந்தேன். ஒரு ஞாயிறு உட்கார்ந்து திகதிகளுக்கு இடையிலுள்ள நாட்களைக் கழித்துப் பார்த்தேன். முன்பு ஒரு சிலிண்டர் 38 நாள் வந்தது. 2022 நடுப்பகுதியில் 52 நாள் வந்திருக்கிறது. பாவித்தது குறைந்திருக்கிறது, கட்டியது கூடியிருக்கிறது. பால்மாவும் அப்படித்தான், அரிசியும் அப்படித்தான். நாங்கள் இரண்டு பேரும் முன்னரை விடச் சிக்கனமாகத்தான் இருந்திருக்கிறோம். அன்றைக்கு எங்கள் வீட்டில் சண்டை ஒன்று பாதியில் நின்றது.

அதிலிருந்து 'விலை' என்று ஒரு பக்கம் இருக்கிறது. பத்துச் சாமான்கள், வாங்கிய திகதி, அளவு, விலை. அவ்வளவு போதும். செலவு கூடினால் விலையால் கூடியதா, அளவால் கூடியதா என்று பிரித்துப் பார்க்கலாம். திட்டமிட்ட நிரலையும் நான் கையால் எழுதுவதில்லை. போன மூன்று மாதங்களின் சராசரி தானாக வந்து நிற்கும், தேவை என்றால் திருத்துவேன். 1979 இல் டான் பிரிக்லினும் பொப் ஃபிராங்ஸ்டனும் விசிகல்க் என்ற, தனியாள் கணினிக்கான முதல் விரிதாள் மென்பொருளைக் கொண்டுவந்ததே, ஒரு எண் மாறினால் கீழுள்ளவற்றையெல்லாம் அழித்து எழுதும் தொல்லைக்காகத்தான். விலைகள் கிழமைக்கொருதரம் மாறிய ஊரில் அந்த வசதியின் அருமை விளங்கும்.

மின்சாரத்துக்குத் தொகையோடு அலகையும் எழுதுங்கள். மாதம் 60 அலகைத் தாண்டும் வீடுகளுக்கு 90, 120, 180 என்று படிகள் உண்டு. ஒவ்வொரு படிக்கும் அலகு விலை மட்டுமில்லை, நிலையான கட்டணமும் கூடும். நாங்கள் மூன்று மாதம் தொடர்ந்து 122, 125, 121 என்று படியின் விளிம்பில் நின்றிருக்கிறோம். இஸ்திரிப்பெட்டியைக் கிழமைக்கு ஒருநாள் என்று ஆக்கியதோடு 120 க்குக் கீழே வந்துவிட்டோம். தொகையை மட்டும் எழுதியிருந்தால் இது தெரிந்திருக்காது.

எனக்கு மிகவும் உதவிய பக்கம் எது என்று கேட்டால் அது மாதப் பக்கம் இல்லை, 'வருடத்தில் விழுவது' என்று நான் பெயர் வைத்த பக்கம். மாத டெம்பிளேட்டுகள் எல்லா மாதமும் ஒன்று என்று நினைக்கின்றன. எங்களுக்கு அப்படியில்லை. புது வகுப்புக்குப் புத்தகம், சப்பாத்து, பை, சீருடை. சித்திரைக்கும் தீபாவளிக்கும் உடுப்பு. நல்லூர்த் திருவிழாவுக்கு வெள்ளவத்தையிலிருந்து நான்கு பேருக்கும் இரவு பஸ், போன இடத்தில் வெறுங்கையோடு நிற்க முடியாதே. மோட்டார் சைக்கிளுக்குக் காப்புறுதி, வருமானப் பத்திரம், சேர்விஸ். கலியாண வீடுகள், சாமத்திய வீடுகள். கண்ணாடி, பல். முதன்முறை எழுதியபோது பள்ளிக்கூடம் 62,000, உடுப்பு 70,000, நல்லூர் 85,000, மோட்டார் சைக்கிள் 32,000, கொண்டாட்டங்கள் 45,000, வைத்தியம் 30,000. கூட்டினால் 324,000. பன்னிரண்டால் பிரித்தால் 27,000. இந்தக் காசு ஒவ்வொரு வருடமும் போய்க்கொண்டுதான் இருந்தது, ஒவ்வொரு முறையும் நாங்கள் 'திடீர்ச் செலவு' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். தீபாவளி திடீரென்று வருகிறதா?

27,000 ஐயும் ஒரேயடியாக எடுத்து வைக்க முடியவில்லை. முதல் வருடம் 12,000 தான் முடிந்தது. அதைச் சம்பளம் வந்த அன்றே வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றும்படி வங்கியில் நிரந்தரக் கட்டளை கொடுத்தோம். அந்தக் கணக்குக்கு ஏரிஎம் கார்ட் எடுக்கவில்லை.

சம்பளத்தைப் பற்றி ஒரு சொல். கையில் வரும் தொகையை மட்டும் வரவாக எழுதுங்கள், ஆனால் சம்பளச் சிட்டைக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு எங்களிடமிருந்து 8 வீதம் கழியும், முதலாளி 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் முழுக்க முதலாளியுடையது. வருமான வரியும் எங்கள் சம்பளத்திலிருந்துதான் கழியும். 2023 தையிலிருந்து மாதம் 100,000 க்கு மேல் வரி என்றார்கள், 2025 ஏப்ரலிலிருந்து அந்த எல்லை 150,000. சிட்டையில் கழிக்கிறது சரியா என்று பார்க்க ஒரேயொரு சூத்திரம் போதும்.

பகிரும்போது கவனம். 'இணைப்பு உள்ள எவரும்' என்று விட்டுவிடாமல் மின்னஞ்சல் பெயரைக் குறிப்பிட்டுக் கொடுங்கள். கணக்கு இலக்கம், கார்ட் இலக்கம், கடவுச்சொல் ஒன்றும் தாளில் வேண்டாம்.

சண்டை முற்றாக நின்றது என்று சொல்ல மாட்டேன். 14 வகைகளில் ஒன்று 'கைச்செலவு'. அவருக்கு 6,000, எனக்கு 6,000. அது எங்கே போனது என்று ஒருவரையொருவர் கேட்பதில்லை. ஃபோர்மிலும் விவரம் எழுதத் தேவையில்லை. இந்த வரியை வைக்கும்வரை அவர் சிகரெட்டைப் 'போக்குவரத்து' என்றும், நான் சீலையைக் 'கடைச்சாமான்' என்றும் எழுதிக்கொண்டிருந்தோம். அதனால் இரண்டு வகைகளின் கணக்கும் பிழையாகிக்கொண்டிருந்தது. அந்த 12,000 க்குத்தான் மற்ற எண்கள் எல்லாம் உண்மை பேசுகின்றன.

போன மாதம் 2025 க்கான 'வருடத்தில் விழுவது' பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையில் தம்பி வீட்டில் இருக்கும் அப்பாவிடம் போனேன். வயது 79. காட்டிப் பெருமைப்படத்தான் போனேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். கூட்டுத்தொகை மேலே தடித்த எழுத்தில், கீழே வரிவரியாகச் செலவுகள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுட்டு விரலை மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தார். உதடு அசைந்தது. பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். கடையை விட்டு இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தப் பென்சில் அங்கேயேதான்.

"பிள்ளை, இது பிழையெல்லோ."

"இல்லையப்பா, அது கொம்பியூட்டர் கூட்டினது."

"கொம்பியூட்டர் கடைசி மூண்டையும் விட்டிட்டுது. பதினெண்ணாயிரத்து ஐந்நூறு குறையுது."

வீட்டுக்கு வந்து கட்டத்தைத் தட்டிப் பார்த்தேன். சூத்திரம் 22 ஆம் வரியோடு நின்றிருந்தது. நான் பிறகு சேர்த்த பல் வைத்தியர், மழைக்கோட்டு, மாமியின் கண்ணாடி மூன்றும் 23, 24, 25.